ஃபார்ம் மக்கர் செய்தால் முதலில் டேபிளைத் திறந்து பாருங்கள்

கேள்வி: எங்கள் ஊர் வாசகசாலையைக் கவனித்துக்கொள்ளும் ஓய்வுபெற்ற ஆசிரியை நான். 3,200 புத்தகங்கள், 430 உறுப்பினர்கள். இதுவரை எல்லாவற்றையும் லிப்ரே ஆபீஸின் விரிதாளான கால்க்கில் வைத்திருந்தேன். இப்போது அதன் டேட்டாபேஸ் மென்பொருளான பேஸுக்கு மாற்றலாம் என்று கால்க்கிலிருந்து காப்பி செய்து புத்தகம், உறுப்பினர், இரவல் என மூன்று டேபிள்களாக ஒட்டினேன். படிப்படியாகக் கேட்டுச் செய்து தரும் ஃபார்ம் விசார்டில் ஃபார்ம்களும் செய்தேன். உறுப்பினர் ஃபார்மைத் திறந்தால் ஒருவர்கூட இல்லை, காலிப் பெட்டிகள்தான். புத்தக ஃபார்மில் எல்லாம் தெரிகிறது, ஆனால் புதிய ரெக்கார்டு பட்டன் மங்கிக் கிடக்கிறது. உறுப்பினருக்குக் கீழே இரவல் சப்ஃபார்ம் (ஃபார்முக்குள் இன்னொரு ஃபார்ம்) வைத்தால் ஊரில் எல்லாருடைய இரவலும் வந்து நிற்கிறது. இரவல் ஃபார்மில் உறுப்பினர் எண்ணுக்குப் பதில் பெயர் வர வேண்டும், அதுவும் தெரியவில்லை. நீளமான தலைப்புகள் பாதியில் நின்றுவிடுகின்றன. வீட்டு லேப்டாப்பில் விசார்ட் திறக்கவே மாட்டேன் என்கிறது. நான்கு முறை எல்லா ஃபார்மையும் அழித்துவிட்டு மறுபடி செய்துவிட்டேன். பேசாமல் கால்க்கிற்கே திரும்பிவிடவா?

பதில்: திரும்ப வேண்டாம். அழித்து அழித்துச் செய்வதை மட்டும் இன்றோடு நிறுத்திவிடுங்கள், ஐந்தாவது முறை செய்தாலும் இதேதான் வரும்.

ஏன் என்று சொல்கிறேன். சிறிய அலுவலகங்களுக்கும் கடைகளுக்கும் இப்படிப்பட்ட டேட்டாபேஸ் செய்து கொடுப்பதுதான் என் வேலை. "ஃபார்ம் சரியில்லை" என்று கூப்பிடுகிறவர்களின் கணினியில் நான் முதலில் திறப்பது ஃபார்மை அல்ல, அதற்குக் கீழே இருக்கும் டேபிளை. ஃபார்ம் என்பது ஒரு ஜன்னல் மாதிரி, அதற்குள் தனியாக எந்தத் தகவலும் கிடையாது. எந்த டேபிள், அதில் எந்த ஃபீல்டு (பத்தி) என்று பெயரை மட்டும் நினைவில் வைத்திருக்கும், திறக்கும்போது அந்தப் பெயரைத் தேடிப்போய் எடுத்து வந்து காட்டும். அதனால் டேபிளில் உள்ள குறை ஃபார்மில் வந்து தெரிகிறது, நாமும் தெரிகிற இடத்திலேயே தட்டிக்கொண்டிருக்கிறோம். நீங்கள் எழுதியிருப்பவற்றில் ஃபார்மின் சொந்தக் குறை என்று சொல்லக்கூடியது முதல் ஒன்றுதான்.

அதை முதலில் முடித்துவிடலாம், இரண்டு நிமிட வேலை. விசார்டின் ஆறாவது படியில் ஒரு கேள்வி வரும்: இந்த ஃபார்ம் புதிய தகவல் சேர்க்க மட்டுமா, அல்லது இருக்கும் தகவலையும் காட்ட வேண்டுமா என்று. முதலாவதைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். "புதிய உறுப்பினரைச் சேர்க்கத்தானே ஃபார்ம்" என்று யாருக்கும் அப்படித்தான் தோன்றும். அந்தத் தேர்வுக்கு அர்த்தமே பழைய 430 பேரைக் காட்டாதே என்பதுதான். அவர்கள் எங்கும் போகவில்லை, டேபிளைத் திறந்தால் அப்படியே இருப்பார்கள். ஃபார்மின் மேல் ரைட் கிளிக் செய்து எடிட் கொடுங்கள், ஃபார்ம் நேவிகேட்டரில் உங்கள் ஃபார்மின் பெயரில் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ், அதில் டேட்டா என்ற பகுதி. அங்கே "ஆட் டேட்டா ஒன்லி" என்ற வரி யெஸ் என்று இருக்கும், நோ ஆக்குங்கள், சேமித்துவிட்டுத் திறங்கள். அதே ஆறாவது படியில் இன்னொரு கண்ணி உண்டு. எல்லாத் தகவலையும் காட்டு என்பதைத் தேர்ந்தெடுத்தால் அடியில் மூன்று டிக் பெட்டிகள் வரும். மூன்றும் "அனுமதிக்காதே" என்ற பெட்டிகள். அனுமதி கொடுக்கிறோம் என்று நினைத்து மூன்றிலும் டிக் போட்டுவிட்டுத் திருத்த முடியவில்லையே என்று தவித்தவர்கள் நிறையப் பேர்.

அடுத்தது மங்கிய பட்டன். இதில் கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும், மீதிப் பிரச்சினைகளில் பாதி இங்கிருந்துதான் வருகிறது.

முதலில் ஃபைலே ரீட் ஒன்லியாகத் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். வேறொரு கணினியில் அதே ஃபைல் திறந்திருந்தாலும், மெயிலில் வந்த ஃபைலை அப்படியே திறந்தாலும் எல்லாம் மங்கிவிடும். உங்களுக்கு அது இல்லை என்றே நினைக்கிறேன், பட்டன் மங்கியதாக நீங்கள் சொன்னது புத்தக ஃபார்மில் மட்டும்தானே. எனவே இது பிரைமரி கீ விஷயம். ஒரு டேபிளில் ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்ட ஓர் எண்ணாவது இருந்தால்தான் பேஸ் அதில் எழுத விடும். இல்லாவிட்டால், நீங்கள் திருத்தச் சொல்வது எந்த வரியை என்று அதற்கு நிச்சயமாகத் தெரிய வழியில்லை, அதனால் படிக்க மட்டும் விட்டுவிட்டு எழுதும் கதவைச் சாத்திவிடுகிறது. ஃபார்மில் எந்த அமைப்பை எப்படி மாற்றினாலும் அந்தக் கதவு திறக்காது. கால்க்கிலிருந்து ஒட்டும்போது வரும் பெட்டியில் பிரைமரி கீ உருவாக்கவா என்று ஒரு டிக் பெட்டி இருக்கும், எல்லாரும் அதைப் பார்க்காமல் தாண்டிவிடுகிறோம்.

எதை பிரைமரி கீ ஆக்குவது? கணினியே ஒரு புதிய எண்ணைப் போட்டுக்கொள்ளட்டும் என்று விடலாம்தான். ஆனால் புத்தகத்தின் முதுகில் ஏற்கெனவே பதிவு எண் ஒட்டியிருக்கிறது, பதிவேட்டிலும் அதே எண், உங்கள் கையும் அதற்குப் பழகியிருக்கிறது. ஒரே புத்தகத்துக்கு இரண்டு எண் இருந்தால் என்றைக்காவது மாற்றி அடித்துவிடுவோம். அதனால் புத்தகத்துக்குப் பதிவு எண்ணையும் உறுப்பினருக்கு உறுப்பினர் எண்ணையும் பிரைமரி கீ ஆக்குங்கள். இரவல் டேபிளுக்கு மட்டும் புதிதாக ஓர் எண் ஃபீல்டு, அதற்கு ஆட்டோ வேல்யூ யெஸ். ஆட்டோ வேல்யூ கொடுக்க மறந்தால் ஃபார்மில் சேமிக்கும்போது, காலியாக இருக்கக்கூடாத ஃபீல்டில் காலியைப் போடப் பார்க்கிறாய் என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு பிழைச் செய்தி வரும். அது வந்தால் ஃபார்மைத் தொடாதீர்கள், டேபிளின் எண் ஃபீல்டைப் பாருங்கள்.

ஒரே எண் இரண்டு வரியில் இருந்தால் பிரைமரி கீ அமையாது. பழைய வாசகசாலை என்றால் ஒரே எண்ணில் இரண்டு புத்தகம் கட்டாயம் இருக்கும். யாரோ எப்போதோ எண் போடும்போது தவறியிருப்பார்கள், அது இத்தனை நாள் யார் கண்ணிலும் பட்டிருக்காது. கால்க்கில் அந்தப் பத்தி முழுவதையும் தேர்ந்தெடுத்து கண்டிஷனல் ஃபார்மட்டிங்கில் டூப்ளிகேட் என்ற நிபந்தனையைக் கொடுத்தால் இரட்டையர் எல்லாம் நிறம் மாறி நிற்பார்கள். அலமாரிக்குப் போய் அந்தப் புத்தகங்களைக் கையில் எடுத்து, ஒன்றுக்குப் புது எண் ஒட்டி, பதிவேட்டிலும் திருத்துங்கள். காலியாக இருக்கும் எண்களையும் அப்படியே நிரப்புங்கள். சலிப்பான வேலை, ஒரு நாள் போகும், ஆனாலும் இதைத் தவிர்க்காதீர்கள்.

தாள் சுத்தமான பிறகு பேஸில் இருக்கும் மூன்று டேபிள்களையும் அழித்துவிட்டு மறுபடி ஒட்டுவதுதான் சுளுவு. (அழிக்கும் முன் அந்த ஃபைலுக்கு ஒரு நகல் எடுத்து வேறு பெயரில் வைத்துக்கொள்ளுங்கள். பேஸில் நேரடியாகச் சேர்த்த இரவல் ஏதாவது இருந்தால் அதையும் முதலில் கால்க்குக்குக் கொண்டுபோய்விடுங்கள்.) ஒட்டும்போது டேபிள் பெயரையும் ஃபீல்டு பெயர்களையும் முன்பிருந்தது போலவே வையுங்கள், ஓர் எழுத்தோ இடைவெளியோ மாறக்கூடாது. மேலே சொன்னேனே, ஃபார்முக்குப் பெயர்தான் தெரியும் என்று. பெயர் மாறாவிட்டால் நீங்கள் ஏற்கெனவே செய்து வைத்திருக்கும் ஃபார்ம்கள் புதிய டேபிளை அப்படியே பிடித்துக்கொள்ளும், ஒன்றையும் மறுபடி செய்ய வேண்டாம்.

ஒட்டும் பெட்டியில் மூன்றாவதாக டைப் ஃபார்மட்டிங் என்று ஒரு பக்கம் வரும். அவசரத்தில் கிரியேட் பட்டனை அழுத்திவிடாதீர்கள், இந்தப் பக்கத்துக்காகத்தான் மறுபடி ஒட்டவே சொல்கிறேன். இடப்பக்கம் ஃபீல்டு பெயர்கள் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து வலப்பக்கம் அதன் வகையைப் பாருங்கள். பதிவு எண்ணும் உறுப்பினர் எண்ணும் இன்டிஜர், அதாவது முழு எண். தொலைபேசி எண் டெக்ஸ்ட், ஏனென்றால் அதை யாரும் கூட்டிக் கழிக்கப் போவதில்லை, எண்ணாக வைத்தால் முன்னால் இருக்கும் பூஜ்யம் போய்விடும். இரவல் தேதி டேட். கீ ஆக வேண்டிய ஃபீல்டின் மேல் இங்கேயே ரைட் கிளிக் செய்து பிரைமரி கீ என்று கொடுத்துவிடலாம்.

உங்கள் சப்ஃபார்மில் ஊரார் இரவல் எல்லாம் வந்தது, இரண்டு டேபிள்களுக்கும் இடையே தொடர்பு அமையாததால். அது அமையாததற்குக் காரணமும் இந்தப் பக்கத்தில் இருக்கலாம். மேலே உறுப்பினர் 17 இருந்தால் கீழே 17-இன் இரவல் மட்டும் வர வேண்டும் என்றால், உறுப்பினர் டேபிளில் இருக்கும் எண்ணும் இரவல் டேபிளில் இருக்கும் உறுப்பினர் எண்ணும் ஒரே வகையாக இருக்க வேண்டும். கால்க்கிலிருந்து ஒட்டும்போது ஒன்று எண்ணாகவும் மற்றது எழுத்தாகவும் போய் உட்காருவது சகஜம். நம் கண்ணுக்கு இரண்டும் 17, கணினிக்கு இரண்டும் வேறு வேறு ஜாதி, ஒட்டாது. இரண்டையும் இன்டிஜர் ஆக்கிவிட்டு, டூல்ஸ் மெனுவில் ரிலேஷன்ஷிப்ஸ் திறந்து, உறுப்பினர் எண்ணை இழுத்து இரவலில் உள்ள உறுப்பினர் எண்ணின் மேல் விடுங்கள், இடையில் ஒரு கோடு விழும். புத்தகத்துக்கும் அப்படியே. கோடு விழ மறுத்தால், உறுப்பினர் பட்டியலில் இல்லாத ஓர் எண் இரவல் பட்டியலில் எங்கோ இருக்கிறது என்று அர்த்தம், தேடிப் பிடியுங்கள். இப்படிக் கோடு போட்ட பிறகு விசார்டின் இரண்டாவது படியில், இருக்கும் தொடர்பை வைத்து சப்ஃபார்ம் அமை என்ற தேர்வு உயிர் பெற்றிருக்கும். புதிதாகச் செய்ய விருப்பமில்லை என்றால் பழைய ஃபார்மிலேயே சப்ஃபார்மின் பிராப்பர்ட்டீஸில் டேட்டா பகுதியைத் திறந்து, "லிங்க் மாஸ்டர் ஃபீல்ட்ஸ்", "லிங்க் ஸ்லேவ் ஃபீல்ட்ஸ்" என்ற இரண்டு வரிகளிலும் அந்தந்த ஃபீல்டு பெயரை நிரப்புங்கள். அவை காலியாக இருந்தால் சப்ஃபார்ம் யாரையும் வடிகட்டாது, எல்லாவற்றையும் கொட்டும்.

எண்ணுக்குப் பதில் பெயர் வருவது. இது எனக்குப் பிடித்த வேலை. இரவல் கொடுக்கும் மேஜையில் ஆட்கள் நிற்கும்போது இது தரும் நிம்மதி வேறு எதிலும் கிடையாது.

இரவல் டேபிளுக்குள் போய் உட்கார வேண்டியது எண்தான், கண்ணுக்குத் தெரிய வேண்டியது பெயர். அந்த இரண்டையும் லிஸ்ட் பாக்ஸ், அதாவது தேர்ந்தெடுக்கும் பட்டியல் பெட்டி, செய்து கொடுக்கும். முதலில் கொயரி (டேபிளிலிருந்து வேண்டியதை மட்டும் எடுத்துத் தருவது) பகுதியில் டிசைன் வியூவில் உறுப்பினர் டேபிளை எடுத்து இரண்டே பத்திகள் வையுங்கள், முதலில் பெயர், இரண்டாவதாக உறுப்பினர் எண். வரிசை முக்கியம். பெயருக்குக் கீழே ஏறுவரிசை கொடுத்து, "பெயர்ப் பட்டியல்" என்று சேமியுங்கள். பிறகு இரவல் ஃபார்மை எடிட்டில் திறந்து உறுப்பினர் எண் பெட்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும், வெறும் கிளிக் செய்தால் லேபிளும் சேர்ந்து பிடிபடும், கன்ட்ரோல் பட்டனை அழுத்திக்கொண்டு கிளிக் செய்தால் பெட்டி மட்டும் வரும். ரைட் கிளிக், ரீப்ளேஸ் வித், லிஸ்ட் பாக்ஸ். இப்போது அதன் பிராப்பர்ட்டீஸில் டேட்டா பகுதி. டேட்டா ஃபீல்டு உறுப்பினர் எண்ணாகவே இருக்கட்டும். பட்டியலின் வகை கொயரி, பட்டியலின் உள்ளடக்கம் "பெயர்ப் பட்டியல்", பவுண்டு ஃபீல்டு 1. இந்த 1 என்பதில்தான் பலரும் வழுக்குகிறார்கள். இங்கே எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது, பெயர் 0, உறுப்பினர் எண் 1. இங்கே 0 கொடுத்தால் எண் போக வேண்டிய இடத்துக்குப் பெயரை அனுப்பப் பார்க்கும், சேமிக்காது.

உங்கள் பட்டியலில் இரண்டு செல்வி, மூன்று முருகேசன் நிச்சயம் இருப்பார்கள். எந்தச் செல்வி என்று தெரிய, கொயரியின் முதல் பத்தியில் பெயர் என்பதற்குப் பதில் இப்படி எழுதுங்கள்:

"பெயர்" || ', ' || "தெரு"

ஃபீல்டு பெயர்களுக்கு இரட்டை மேற்கோள், நடுவில் வரும் காற்புள்ளிக்கு ஒற்றை மேற்கோள், இணைக்க இரண்டு நேர்கோடுகள். இப்போது "செல்வி, வடக்குத் தெரு" என்று வரும். ஆனால் யாருக்காவது தெரு காலியாக இருந்தால் தெரு மட்டும் விடுபடாது, அவருடைய பெயரும் சேர்ந்து மறைந்து, பட்டியலில் ஒரு வெற்று வரிதான் நிற்கும். ஆகவே எல்லாருக்கும் தெருவை நிரப்பிவிட்டு இதைச் செய்யுங்கள். புத்தகத்துக்கு லிஸ்ட் பாக்ஸ் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். 3,200 தலைப்பை உருட்டித் தேடுவதைவிட முதுகில் இருக்கும் எண்ணைப் பார்த்து அடிப்பது வேகம்.

தலைப்பு பாதியில் நிற்பது நம் எழுத்தோடு சேர்ந்த பிரச்சினை. அந்த ஃபீல்டின் நீளம் 50 என்று வைத்திருப்பீர்கள், அதற்கு மேல் ஃபார்மில் எழுத்து விழாது. 50 எழுத்து போதுமே என்று தோன்றும், ஆனால் கணினி எண்ணும் விதம் வேறு. "கிருஷ்ணமூர்த்தி" என்று எழுதிப் பாருங்கள், நமக்கு எட்டு எழுத்து. கணினி எழுத்துகளைக் குறித்துவைக்கும் யூனிகோடு முறையில் கி என்பது க, அதன் மேல் ஒரு கொக்கி என்று இரண்டு, ஷ் என்பது ஷ, அதன் மேல் புள்ளி என்று இரண்டு. இப்படியே எண்ணினால் அந்தப் பெயர் மட்டும் 15 இடம் பிடிக்கும். ஆகவே தமிழில் எழுதும் ஃபீல்டுகளுக்கு நாம் நினைப்பதைப் போல் இரண்டு மடங்கு வையுங்கள், தலைப்புக்கு 200 கொடுத்துவிடுங்கள். இதுவும் அந்த டைப் ஃபார்மட்டிங் பக்கத்திலேயே மாற்றக்கூடியதுதான். ஏற்கெனவே அறுந்துபோன தலைப்புகளின் மீதி எங்கும் ஒளிந்திருக்கவில்லை, கால்க் தாளில் முழுதாக இருந்தால் மறுபடி ஒட்டும்போது வந்துவிடும், ஃபார்மில் அடித்தவற்றைத்தான் கையால் சரிசெய்ய வேண்டும்.

வீட்டு லேப்டாப்பில் விசார்ட் திறக்காதது அநேகமாக ஜாவா இல்லாததால். பேஸ் உள்ளே வைத்திருக்கும் ஹெச்எஸ்க்யூஎல்டிபி என்ற எஞ்சின் ஜாவாவில் எழுதப்பட்டது, விசார்டுக்கும் ஜாவா வேண்டும். டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லிப்ரே ஆபீஸ், அட்வான்ஸ்டு என்று போய்ப் பாருங்கள், பட்டியல் காலியாக இருந்தால் ஜாவா நிறுவ வேண்டும். லிப்ரே ஆபீஸ் 64 பிட் என்றால் ஜாவாவும் 64 பிட், இதில் பொருத்தம் தவறினால் ஜாவா இருந்தும் பட்டியலில் வராது. நிறுவியபின் லிப்ரே ஆபீஸை மூடித் திறக்க வேண்டும். லேப்டாப்பில் உபுண்டு என்றால் பேஸ் தனிப் பேக்கேஜாக இருக்கும், அது நிறுவப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. ஃபார்மில் ரெக்கார்டைச் சேமிப்பதும் ஃபைலைச் சேமிப்பதும் இரண்டு வேறு காரியங்கள். நீங்கள் பயன்படுத்தும் பேஸ் ஃபைல் (.odb) உண்மையில் ஒரு ஜிப் மூட்டை. வேலை செய்யும்போது மூட்டையை அவிழ்த்துத் தற்காலிக இடத்தில் வைத்துக்கொள்கிறது, முதன்மை ஜன்னலில் சேமிக்கும்போதுதான் மறுபடி கட்டி வைக்கிறது. இடையில் கரண்ட் போனால் அவிழ்ந்து கிடந்தது போனதுதான். ஆரம்ப காலத்தில் ஒரு சிறிய அலுவலகத்துக்கு இப்படிச் செய்து கொடுத்துவிட்டு, இதைச் சொல்ல மறந்துவிட்டேன். காலையிலிருந்து உட்கார்ந்து அடித்த பதிவுகள் மூன்று மணி மின்வெட்டில் போய்விட்டன, அந்தப் பெண் என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது. அன்றிலிருந்து எங்கே செய்து கொடுத்தாலும் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். பத்து இரவல் பதிந்ததும் ஃபார்மை விட்டு முதன்மை ஜன்னலுக்கு வந்து கன்ட்ரோல் எஸ். பென் டிரைவில் வைத்தே திறந்து வேலை செய்யாதீர்கள், கணினியில் வைத்து வேலை செய்துவிட்டு, மாலையில் மூடிய பிறகு தேதி போட்டு ஒரு நகலைப் பென் டிரைவுக்கு அனுப்புங்கள். முதல் ஒரு மாதத்துக்கு இரவல் நோட்டையும் கூடவே எழுதி வாருங்கள், கால்க் தாளையும் அழிக்காதீர்கள்.

இரட்டை எண்களைத் தேடும் வேலையிலிருந்து தொடங்குங்கள். ஒட்டும்போது எங்காவது மாட்டிக்கொண்டால், வரும் பிழைச் செய்தியை எழுத்துக்கு எழுத்து அப்படியே குறித்து அனுப்புங்கள், ஃபார்மின் படம் வேண்டாம், டேபிளின் எடிட் பக்கத்தின் படம் இருந்தால் போதும்.